சேர்த்துக் கட்டாதீர்கள்!

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதத்துக்கு முன் நம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, இந்த வருஷம் நீங்க பேசணும். தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "குப்பையைப் பற்றிப் பேசுகிறேன் தம்பி" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "அண்ணே, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கிறதா, பின்னாடி வைக்கிறதா?" என்று கேட்டார். (சிரிப்பு) முன்னாடியே வைத்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் இலையில் எதையாவது மிச்சம் வைக்கும்போது என் ஞாபகம் உங்களுக்கு வரும்.

என்னைத் தெரியாத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 1976 முதல் 1979 வரை இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, 2016-இல் ஓய்வு பெற்றேன். விவசாயியும் அல்ல, சுற்றுச்சூழல் நிபுணரும் அல்ல. சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், ஆறடிக்கு நாலடி பால்கனியோடு குடியிருக்கும் சாதாரண மனிதன். அந்தப் பால்கனியில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு கண்ணாடி டம்ளர்

ஓய்வு பெற்ற புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கை தவறி ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கினேன். அடுப்படியில் முதல் நாள் சாம்பார் கெட்டுப் போயிருந்தது. அதோடு காய்கறித் தோல், டிகாக்‌ஷன் சக்கை, வாடிய பூ எல்லாம் இருந்தன. கண்ணாடியையும் அதோடு போட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுக்கி முடிச்சுப் போட்டு, கீழே வைத்துவிட்டு வந்தேன். வீடு சுத்தமாகிவிட்டது. எனக்குத் திருப்தி.

மறுநாள் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தார். வலது கையில் கட்டு. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். என்மேல் கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "உங்க வீட்டுக் கவருதான் சார். மக்குற குப்பை தனியா, மக்காத குப்பை தனியா பிரிச்சுப் போடணும்னு சொல்றாங்க. பிரிக்கிறதுக்குக் கையை உள்ள விட்டேன். ஆறு தையல்."

ஒப்பந்தத் தொழிலாளி அவர். வராத நாளுக்குக் கூலி கிடையாது. அந்தப் பத்து நாள் கூலியை நான் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். ஆனால் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "குப்பைன்னா கை வைக்கத்தானே சார் செய்யணும்? அது எங்க வேலை. நீங்க எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டீங்க, அதான்."

சேர்த்துக் கட்டிவிட்டேன். நண்பர்களே, முப்பத்தேழு வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் நான். அமிலத்தையும் காரத்தையும் ஒரே அலமாரியில் வைத்த பையனைக் கத்தியிருக்கிறேன். வீட்டில் சாம்பாரையும் கண்ணாடியையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறேன். அன்றைக்கு வந்த வெட்கம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது. உலகத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை.

கொல்லையில் இருந்த குழி

என் சொந்த ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு எருக்குழி இருந்தது. மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், வாசல் பெருக்கிய சருகு, வாழைத்தண்டு, இலை எல்லாம் அதில் போகும். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு எரு அடிப்பார்கள். எங்கள் பாட்டியிடம் போய், "பாட்டி, நம்ம வீட்டுக் குப்பை எங்கே போகுது?" என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. குப்பை எங்கேயும் போகாது. அது அங்கேயே இருந்து எருவாகும். வள்ளுவரும் உழவு அதிகாரத்தில், உழுவதைவிட எரு இடுவது நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நாம் படித்தோம், பட்டணத்துக்கு வந்தோம். கொல்லை போயிற்று, மாடு போயிற்று, குழியும் போயிற்று. ஆனால் தோலும் சக்கையும் சருகும் மட்டும் கூடவே வந்துவிட்டன. இன்று சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் பாதியளவு மக்கக்கூடியது, அதாவது எங்கள் பாட்டி குழியில் போட்ட அதே சாமான்தான். அது எங்கே போயிற்று? பல ஆண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போயிற்று. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்து, நாட்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டாரத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை.

ஈரமான குப்பை எப்படி எரியும் என்று கேட்பீர்கள். மலைபோல் குவித்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது எரியும் வாயு. காற்று மண்டலத்தில் கலந்தால் கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குப்பை மலை எரிவது மட்டுமல்ல, சரியவும் செய்யும். 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். புத்தாண்டுச் சமையலின் மிச்சத்தை எங்கோ ஒருவர் கவரில் கட்டி வெளியே வைத்திருப்பார். அவருக்கும் அன்று வீடு சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

வேதியியல் படித்தவன் தோற்ற கதை

சரி, அந்த அம்மா சொன்ன பிறகு நான் என்ன செய்தேன்? மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கி பால்கனியில் வைத்து, காய்கறித் தோலைப் போட ஆரம்பித்தேன். அடியில் துளை இல்லை, பக்கத்தில் துளை இல்லை. புத்திசாலித்தனமாக மூடியை வேறு இறுக்கி மூடினேன்.

பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது! அடியில் கறுப்புத் தண்ணீர், மேலே புழு. நாற்றம் மேல் மாடிக்குப் போய், அந்த வீட்டம்மா படியிறங்கி வந்தார். "ஏங்க, உங்க வீட்ல எலி ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டார். என் மனைவி என்னைக் காட்டி, "இவரு ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள். (சிரிப்பு)

அன்றிரவு பழைய பாடத்தை நினைத்துப் பார்த்தேன். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு உண்டு. சக்திக்குக் கரிச்சத்து வேண்டும், உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டும். கரி 25 முதல் 30 பங்கும், தழைச்சத்து ஒரு பங்கும் இருந்தால் அவற்றுக்கு அது அளவுச் சாப்பாடு. நம் காய்கறிக் கழிவில் 15 அல்லது 20-க்கு ஒன்று என்ற அளவில்தான் கரி இருக்கும். மேலும் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தழைச்சத்து மிஞ்சினால் அமோனியா வாடை வரும். தண்ணீர் மிஞ்சினால் காற்று போய் அழுகல் நாற்றம் வரும். எனக்கு இரண்டும் வந்தன.

குறைந்தது என்ன? சருகு. காய்ந்த இலையில் கரி 50-க்கு ஒன்று, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும், இடையில் காற்றுக்கு இடம் விடும். எங்கள் தெருவில் தினமும் பெருக்கிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்த சருகுதான் என் டிரம்முக்கு மருந்து. ஒரு பக்கம் ஈரம் நாறுகிறது, இன்னொரு பக்கம் சருகு புகைகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். எங்கள் பாட்டியின் குழியில் இது தானாக நடந்தது. எனக்கு ஒரு பட்டமும் முப்பத்தேழு வருஷ சர்வீஸும் தேவைப்பட்டன.

இந்த விஷயத்தை முதன்முதலில் விஞ்ஞான முறையில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் நம் துறைக்காரர் என்பதை வேதியியல் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் தாவர ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தினார். அங்கே அவரோடு சேர்ந்து உழைத்த வேதியியலாளர் யஷ்வந்த் வாட். இருவரும் சேர்ந்து 1931-இல் எழுதிய புத்தகம்தான் 'இந்தூர் முறை'யை உலகத்துக்குச் சொன்னது. அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே புரட்டி, காற்றோட்டத்தோடு மக்க வைப்பது அந்த முறை. ஹோவர்டும், இதை நம் நாட்டு உழவர்களிடமிருந்தும் கீழ்த்திசை நாடுகளின் பழக்கத்திலிருந்தும் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர்தான். பிறகு 1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா என்பவர் நகரக் கழிவுகளுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார். குழியில் அடுக்கி மண்ணால் பூசி மூடிவிட்டால், புரட்டாமலேயே சில மாதங்களில் எருவாகும். ஆகவே, நகரத்துக் குப்பையை என்ன செய்வது என்பது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. தெரிந்து, எழுதி, அச்சிட்டு, மறந்த வித்தை.

பால்கனியில் செய்யும் முறை

"கதை போதும் சார், எப்படிச் செய்வது?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. சொல்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். தந்தைமார்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பது லிட்டர் அளவுள்ள மூன்று டிரம் அல்லது அதே அளவு மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பென்சில் பருமனுக்குச் சுற்றிலும் துளை போடுங்கள், அடியிலும் நாலைந்து துளை. இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் தேங்காய் நாரும் சருகும் நாலு விரல் உயரத்துக்கு.

தினமும் அடுப்படிக் கழிவை ஒரு பங்கு போட்டால், அதன்மேல் சருகு இரண்டு பங்கு. இது எடைக் கணக்கல்ல, கிண்ணக் கணக்கு. கடைசியாகக் கண்ணில் படுவது எப்போதும் சருகாகத்தான் இருக்க வேண்டும். ஈரம் வெளியே தெரிந்தால் ஈ வரும். பெரிய துண்டுகளை நறுக்கிப் போடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ, சாணிக் கரைசலோ, பழைய எரு ஒரு பிடியோ தூவினால் வேலை சீக்கிரம் தொடங்கும். கடையில் விற்கும் பொடி இல்லாமலும் நடக்கும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிழிந்த துணிபோல் இருந்து, ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் முதல் தொல்லை, சித்திரை வெயிலில் இரண்டாவது தொல்லை. மழைக்காலத்தில் மேலே ஒரு தகரமோ பழைய பேசினோ கவிழ்த்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். தினமும் ஏறக்குறைய முக்கால் கிலோ ஈரக் கழிவு விழுகிறது. ஒரு டிரம் நிரம்ப ஒரு மாதம் ஆகிறது, ஏனென்றால் போடப் போட அது அமுங்கிக்கொண்டே வரும். மூன்றாவது நிரம்பும்போது முதலாவது இரண்டு மாதம் மக்கித் தயாராக இருக்கும். சுற்று அப்படியே போகும்.

எதைப் போடலாம்? தோல், சக்கை, டீத்தூள், பூ, பழைய சோறு கொஞ்சம், நொறுக்கிய முட்டை ஓடு. மாலையில் நைலான் நூல் இருந்தால் உருவிவிடுங்கள். மாங்கொட்டையும் கொட்டாங்கச்சியும் போட்டால் உங்கள் பேரன்தான் அந்த எருவை அள்ள வேண்டியிருக்கும். (சிரிப்பு) எண்ணெய், மீன் கழிவு, கறி, எலும்பு ஆகியவற்றைப் பழகும்வரை தவிர்த்துவிடுங்கள். அவைதான் எலியைக் கூப்பிடும்.

புழு வந்தால் பயப்பட வேண்டாம். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தடித்த புழு என்றால் அது பெரும்பாலும் 'பிளாக் சோல்ஜர் ஃப்ளை' எனப்படும் ஈயின் புழு. அது நம் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காரும் வீட்டு ஈ அல்ல. நம் கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும் வேலையாள். ஆனாலும் ஈரம் அதிகம் என்பதற்கு அது அடையாளம். சருகைக் கூட்டுங்கள், குறைந்துவிடும். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் சந்தோஷப்படுங்கள், வேலை நடக்கிறது.

எரு தயாரானதை மூக்கு சொல்லும். முதல் மழைக்கு எழும் மண்வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். சல்லடையில் சலித்து, ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு மண் கலந்து செடிக்குப் போடுங்கள். பாதி மக்கியதைப் போட்டால் வேருக்குக் கெடுதல். பொறுமை வேண்டும்.

சருகுக்கு எங்கே போவது? வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது இரண்டு கோணிப்பை நிறையச் சேர்த்து வைத்துவிட்டால் பல மாதத்துக்குக் கவலையில்லை. சருகு கிடைக்காதவர்கள் தென்னை நார்க்கழிவு வாங்கிக்கொள்ளலாம்.

பிரித்தால் பாதி வேலை முடிந்தது

இத்தனை சொன்னாலும், மக்க வைப்பது பெரிய காரியமே அல்ல. அதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டிய ஒரே காரியம் பிரிப்பது. அதுவும் பிறகு அல்ல, கையிலிருந்து விழும்போதே. தோல் இங்கே, கவர் அங்கே, கண்ணாடியும் பிளேடும் காகிதத்தில் சுற்றித் தனியே. சேர்ந்துவிட்ட பிறகு பிரிப்பதற்கு இன்னொருவருடைய கை வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-இல் சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கி, தெருத் தெருவாக இதைப் பேசவைத்தார். 1996-இல் அல்மித்ரா படேல் என்ற பெண்மணி நகரக் குப்பைக்காக உச்ச நீதிமன்றம் போனார். அதன் தொடர்ச்சியாக 2000-இல் மத்திய அரசின் விதிகள் வந்தன. 2016-இல் வந்த விதிகள், குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்றே எழுதின. ஆனாலும் எத்தனை வீட்டில் நடக்கிறது? "நான் பிரிச்சு என்ன சார், லாரியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். சில இடங்களில் அது உண்மையும்கூட. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. உங்கள் பால்கனித் தொட்டியில் விழுந்த தோலை எந்த லாரியாலும் கலக்க முடியாது. ஈரம் வெளியே போகாத வீட்டில் மிச்சமிருப்பது காய்ந்த காகிதமும் பாட்டிலும்தான். அதைத் தொடுபவர் கை நாறாது, கிழியாது, விற்றாலும் நாலு காசு கிடைக்கும்.

பால்கனித் தொட்டியால் பெருங்குடி மலை கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை, அவர்களைக் கேட்பதும் நம் வேலை. ஆனால் அந்த மலைக்கு என் வீட்டிலிருந்து வருஷத்துக்குக் கால் டன்னுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, இப்போது போவதில்லை. இவ்வளவுதான் என் கணக்கு.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆண்டு கல்லூரிக்கு நம் சங்கத்தின் அன்பளிப்பாக ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் பெயர்களைக் கல்லில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் காலையில் நான் ஹாஸ்டல் பக்கம் போய்வந்தேன். மெஸ்ஸுக்குப் பின்னால், எங்கள் காலத்தில் எங்கே சோற்றைக் கொட்டினோமோ, அதே இடத்தில் இன்றும் கொட்டுகிறார்கள். அதிலிருந்து இருபதடி தள்ளி, தூங்குமூஞ்சி மரத்துச் சருகைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். ஈரம் ஒரு பக்கம் நாறுகிறது, சருகு ஒரு பக்கம் புகைகிறது. என் பால்கனிக் கதை அப்படியே பெரிய அளவில்!

ஒரு மாணவர் நாளைக்கு நூறு கிராம் மிச்சம் வைத்தால் முந்நூறு பேருக்கு முப்பது கிலோ. இதற்கு இயந்திரம் வேண்டாம். நாலடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரத்தில், காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய ஆறு செங்கல் தொட்டிகளும் மேலே ஒரு கூரையும் போதும். ஒன்று நிரம்ப இரண்டு வாரம். ஆறாவது நிரம்பும்போது முதலாவது பத்து வாரம் மக்கியிருக்கும். இந்த அளவு குவியலில் சூடு 55 டிகிரிக்கு மேலும் போகும். அதில் களை விதையும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். என் பால்கனியில் அந்தச் சூடு வராது, இங்கே வரும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதுபோன்ற தொட்டிகளைக் கட்டி, ரிப்பன் வெட்டி, ஆறே மாதத்தில் பாம்பு குடியேறிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். செங்கல்லால் அவை தோற்கவில்லை. தினமும் அரைமணி நேரம் அதைப் பார்க்க ஒரு ஆளை நியமிக்காததால் தோற்றன. ஆகவே வளைவுக்கு ஒதுக்கும் பணத்தில் தொட்டிக்குக் கொஞ்சமும், மிச்சத்தை ஒரு ஊழியரின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கும் வையுங்கள். கையுறை, முள்வாரி, ஒரு தராசு வாங்கிக் கொடுங்கள். வேதியியல், தாவரவியல் மாணவர்கள் தினமும் எடையும் சூடும் எழுதட்டும். எழுதிய நோட்டை அடுத்த ஆண்டு இதே மேடையில் அவர்களே வந்து படிக்கட்டும். முதல் தவணையாக என் பங்கை இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றுதான். தட்டை வைக்கும் இடத்தில் நாளை இரண்டு பக்கெட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோறு, ஒன்றில் கப்பும் கவரும். அந்த ஒரு வினாடி நின்று போடுங்கள். அந்தப் பக்கெட்டுக்கு அப்பால் ஒரு கை இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எங்கள் தெரு அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதல் தொட்டி எரு சலித்து வந்தபோது அது பொங்கல் சமயம். ஒரு பை நிறையக் கட்டி அவரிடம் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் ஒரு ரோஜாத் தொட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும். பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது என்ன சார்?" என்றார். "எங்க வீட்டுக் குப்பைதாம்மா" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷம் குடுத்தது போதாதுன்னு, பொங்கலுக்கும் குப்பையா சார்?" என்றார். பையை வாங்கிக்கொண்ட அந்த வலது கையில் தையல் தழும்பு இருந்தது. அது இன்னும் இருக்கிறது.

நண்பர்களே, சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. வயிறாரச் சாப்பிடுங்கள். வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். எழுந்திருக்கும்போது தண்ணீர்ப் பாட்டிலையும் காகிதக் கப்பையும் இலைக்குள் வைத்து மடிக்காதீர்கள். இலை தனி, பாட்டில் தனி. சேர்த்துக் கட்டாதீர்கள்.